மணக்காத ஒண்டு

ஆரே ஆற்றங்கரை, தூன் நகரம்.
மேல்தட்டுத் தோட்டாப் பெட்டிகள் சூர்பூகனின் பொறுப்பு,
சாவியும் அவரிடம்.
கீழ்த்தட்டு எண்ணெய், பசை, நூல் துடைப்பான், பித்தளைத் தூரிகை
என் ராச்சியம்.

எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்:
எது நல்லது?
நான் திருப்பிக் கேட்பேன்:
எங்கே வைத்திருக்கிறீர்கள், எந்த மாதம் சுடுவீர்கள்,
கடைசியாய் எப்போது துடைத்தீர்கள்?
மூன்றாவதுக்குப் பெரும்பாலும்
சப்பாத்தைப் பார்ப்பார்கள்.

நவம்பரில் வரும் வேட்டைக்காரி ரீசனுக்கு
மெல்லிய எண்ணெய்.
மலையில் குளிர் இறங்கினால் தடித்த பசை மெழுகாய் இறுகும்,
பொறி சோம்பும், மான் தன்பாட்டில் போய்விடும்.
போகட்டுமே என்று நினைப்பதுண்டு.
சொன்னதில்லை.

சறுக்கும் இடத்துக்குப் பசை, சுழலும் ஆணிக்கு எண்ணெய்,
சுடுமுன் குழலுக்குள் ஒன்றுமே வேண்டாம்,
போன துணி வெள்ளையாய்த் திரும்பும்வரை.
கொஞ்சம் போதும் என்று நம்பவைப்பதுதான் பெரும்பாடு.
தோசைக்கல்லுக்குத் தடவுகிற மாதிரி என்று
வாய்வரை வரும்.
பாணுக்கு வெண்ணெய் பூசுகிற மாதிரி வேண்டாம் என்று
மாற்றிச் சொல்வேன்.

இதெல்லாம் எங்கே படித்தாய் என்று
சூர்பூகன் ஒருமுறை கேட்டார்.
கையேட்டில், என்றேன்.
கையேடு இருந்தது உண்மை.
அதற்கு முன்னால் ஒரு பங்கர் இருந்ததும்
தையல் மெஷின் எண்ணெய் தீர்ந்த கிழமை
தேங்காயெண்ணெய் பூசி, அது காறிப் பிசினாகி,
இருபத்திரண்டு பெண்கள் விடியுமட்டும்
மண்ணெண்ணெயில் கழுவியதும்
வேலை விண்ணப்பத்தில் கேட்கப்படவில்லை.
எங்கள் பேச்சில் அதற்குத் துவக்கு என்று பேர்.
அதைக்கொண்டு எதையும் துவக்கியதாய்
எனக்கு ஞாபகமில்லை.

போன வியாழன், கடை பூட்டப் பத்து நிமிடம்.
பட்டாள உடுப்பில் ஒரு பெடியன்.
மார்பில் பெயர்ப்பட்டி: பரராஜசிங்கம்.
கடைசி எழுத்துகள் இடம் போதாமல்
கக்கத்துப் பக்கம் ஒதுங்கியிருந்தன.
சுவிஸ் ஜெர்மனில் கேட்டான், எது நல்லது.
என் சட்டையில் வாகினி என்றிருப்பதைக் கண்டான்.
பிறகு மெல்லமாய்,
"அன்ரி, மணக்காத ஒண்டு இருக்கோ?"

வீட்டுக்குக் கொடுத்துவிட்ட துவக்கு
கட்டிலுக்கடியில் இருக்கிறது.
பூட்டுப்பகுதி வேறாய், அலுமாரியில்.
சட்டப்படி எல்லாம் சரி.
பட்டாளம் தந்த டப்பாவை ஞாயிறு திறந்தால்
அம்மா அடுப்பை அணைத்துவிட்டு
ஜாக்கெட்டும் போடாமல் இறங்கிப் போகிறா.
பஸ் தரிப்பிடத்தில் இருக்கிறா.
பஸ் வந்தாலும் ஏறுவதில்லை.
"என்னெண்டு கேட்டா ஒண்டும் சொல்லுறா இல்லை."

எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
எட்டையும் மேசையில் நிரையாய் வைத்து
ஒவ்வொன்றாய்த் திறந்து முகர்ந்தேன்.
ஒன்றில் சோம்பு.
ஒன்றில் வாழைப்பழம் என்று ஒரு பொய்.
இரண்டு பெற்றோல்.
ஐந்தாவதில்
மூடியைத் திரும்ப மூட
இரண்டு தரம் புரி பிசகியது.
பெடியன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டவன்போல்
என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எட்டாவது வெள்ளைப் பசை,
சீஸ் ஆலைக்காரர் இயந்திரத்துக்கு வாங்குவது.
மணமே இல்லை.
குளிரில் இறுகும், துருவுக்கு அரைக் காவல்,
அடிக்கடி துடைத்துத் துடைத்துப் பூசவேண்டும்.
தொழில் தெரிந்தவள் இதற்கு விற்கக் கூடாதது.
விற்றேன். பதினான்கு ஃப்ராங்க்.

"அம்மாக்கு என்ன சொல்ல?"

மிச்சக் காசை இரண்டாம் தரம் எண்ணினேன்.
ஒன்றும் சொல்லாதே, என்றேன்.
அவன் கதவடிக்குப் போனபிறகு
ஜாக்கெட்டைக் கொண்டுபோய்க் குடு, என்றேன்.
கேட்டதோ தெரியாது, மணி அடித்தது.

ஐந்தாவது குப்பியைத்
தட்டின் பின்வரிசைக்குத் தள்ளிவைத்தேன்.
காலையில் சூர்பூகன் முன்னுக்கு எடுத்து வைப்பார்.
அதுதான் நன்றாய் விற்பது.